கடை முதலாளிகளுக்கு, சம்பளப் பட்டியல் போடுகிறவர்களின் திறந்த மடல்

தமிழ்நாட்டு வணிகர் சங்க நிர்வாகிகளுக்கும், ஜவுளி, நகை, பாத்திரம், மளிகை, வீட்டு உபயோகப் பொருள் கடைகளை நடத்தும் உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

உங்கள் கடைகளின் வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பட்டியலையும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (ஊழியர் காப்பீடு) கணக்குகளையும் எழுதுகிறவர்கள் நாங்கள். எந்தத் தொழிற்சங்கத்தின் சார்பிலும் இதை எழுதவில்லை. உங்களிடம் கூலி வாங்கி உங்கள் கணக்கைப் பார்க்கிறவர்கள் என்ற இடத்திலிருந்தே பேசுகிறோம். ஆடித் தள்ளுபடி தொடங்கிவிட்டால் தீபாவளி முடியும்வரை இதையெல்லாம் கேட்க உங்களுக்கும் நேரம் இருக்காது, சொல்ல எங்களுக்கும் நேரம் இருக்காது. அதனால் இப்போதே.

"கடைப் பிள்ளைகளை வீட்டுப் பிள்ளைங்க மாதிரிதான் பாத்துக்கிறோம்" என்று சொல்லாத முதலாளி அபூர்வம். பலர் சொன்னபடியே செய்கிறார்கள். கல்யாணத்துக்கு மொய்யும் புடவையும், ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு அட்வான்ஸ். ஆனால் அதே கடையில் நியமனக் கடிதம் இருக்காது, ஓ.டி. (கூடுதல் நேர வேலை) கணக்கு இருக்காது, சம்பளச் சீட்டு கேட்டால் "எதுக்கு?" என்ற கேள்வி வரும். தயவாகத் தரும் பத்தாயிரத்தை வாங்குகிறவர் ஆயுசுக்கும் நன்றியோடு இருக்க வேண்டியிருக்கிறது. கணக்குப்படி வரவேண்டிய நாலாயிரத்தை வாங்குகிறவர் கையெழுத்துப் போட்டால் போதும். நாங்கள் கேட்பது இந்த இரண்டாவதை. முதலாவதை நிறுத்தச் சொல்லவில்லை.

முதலில் எந்தச் சட்டம் என்ற குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நான்கு மத்திய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தபிறகு, "பழைய சட்டமெல்லாம் போயிடுச்சு" என்று ஒரு பேச்சு கடைத்தெருவில் ஓடுகிறது. போனவை மத்திய அரசின் பழைய சட்டங்கள் பல. வேலை நேரம், ஓய்வு, விடுப்பு, வேலைநீக்கம் ஆகியவற்றில் உங்களைக் கட்டுப்படுத்தும் 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் மாநிலச் சட்டம். அது அப்படியே இருக்கிறது. ஊதியம், பிடித்தம், பணிக்கொடை (கிராஜுவிட்டி) போன்றவற்றுக்குத்தான் புதிய தொகுப்புகளைப் பார்க்க வேண்டும்.

அதிகம் சறுக்குவது வேலை நேரத்தில்தான். கடைச் சட்டம் சொல்வது நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். அதற்கு மேல் வேலை வாங்கலாம், ஆனால் ஓ.டி. சேர்த்தும் நாளைக்கு 10, வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. தொடர்ந்து 4 மணி நேரம் வேலை பார்த்தவருக்கு ஒரு மணி நேர இடைவேளை தர வேண்டும். இடைவேளைகளையும் சேர்த்து, வந்ததிலிருந்து போவதுவரை 12 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். ஓ.டி.க்குச் சாதாரண ஊதியத்தைப்போல இரண்டு மடங்கு.

இதை ஒரு வழக்கமான ஜவுளிக் கடையில் பொருத்திப் பாருங்கள். காலை 9:30-க்கு ஆள் வர வேண்டும், இரவு 9:30-க்கு விடுவீர்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், இரண்டு டீக்குக் கால் மணி கால் மணியாக அரை மணி. மிச்சம் பத்தரை மணி நேர வேலை. ஓ.டி. கொடுத்தாலும் அனுமதி இல்லாத நேரம் இது. ஒரு விற்பனையாளருக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 15,600 ரூபாய் என்று வையுங்கள். 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 600, அதை 8-ஆல் வகுத்தால் மணிக்கு 75. ஓ.டி. மணிக்கு 150. மாதம் 26 நாள், நாளுக்கு இரண்டரை மணி கூடுதல் என்றால் 65 மணி நேரம். அதாவது 9,750 ரூபாய் கணக்கில் வராமலே போகிறது. சட்டம் வாரத்துக்கு அனுமதிக்கும் 6 மணி நேர ஓ.டி.யை மட்டும் வாங்கினால் மாதத்துக்கு ஏறத்தாழ 26 மணி, 3,900 ரூபாய். மீதி 39 மணி நேரத்தைப் பணம் கொடுத்தும் சரிசெய்ய முடியாது. கூடுதல் ஆள் போட வேண்டும், அல்லது இரண்டு ஷிஃப்டாகப் பிரிக்க வேண்டும். காலை 9:30-க்கு ஒரு பாதி, பகல் 12:30-க்கு மறுபாதி என்று வரவைத்தால் மாலைக் கூட்டத்துக்கு இரு பாதியும் தளத்தில் இருக்கும். காலையில் வெறும் தளத்தில் எல்லாரும் நின்றுகொண்டிருப்பது குறையும். சில கடைகள் இதைச் செய்துவிட்டன. விற்பனை குறைந்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு ஓட்டை ஷட்டர் இறக்கிய பிறகு. பிரித்துக் காட்டிய புடவைகளை மடித்து அடுக்குவது, பில்லோடு ஸ்டாக் சரிபார்ப்பது, கல்லா எண்ணுவது எல்லாம் வேலை நேரம். விரல்ரேகை இயந்திரத்தில் 9:30-க்கே 'அவுட்' போடச் சொல்லிவிட்டு 10:15 வரை மடிக்க வைத்தால், உங்கள் கேமரா பதிவே உங்கள் பதிவேட்டைப் பொய்யாக்கும். கடை விடுதியில் தங்கும் பிள்ளைகளை இரவு பதினோரு மணிக்கு லோடு இறக்க எழுப்புவதும் அப்படித்தான். விடுதியில் இருப்பதால் அவர்கள் எந்நேரமும் வேலையில் இருப்பதாக ஆகாது. எழுப்பினால் அந்த நேரம் பதிவேட்டில் ஏற வேண்டும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் வருஷம் முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் அரசாணை வந்தது, பிறகு நீட்டிக்கவும் பட்டது. அது கடைக்குத் தந்த அனுமதி, ஆளுக்கு அல்ல. ஒவ்வொருவருக்கும் வாரம் ஒரு நாள் விடுமுறை, யாருக்கு எந்த நாள் என்ற பட்டியல் கடையில் பார்வைக்கு இருக்க வேண்டும், பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வைத்துக்கொள்ள அவர்களின் எழுத்துப்பூர்வச் சம்மதமும் பாதுகாப்பும் வேண்டும் என்பவை அதனுடனே வந்த நிபந்தனைகள். சம்மதக் கடிதத்தில் எல்லாருக்கும் ஒரே கையெழுத்தில் ஒரே வாசகத்தை எழுதி வாங்கிவைக்கும் மேலாளர்களுக்கு ஒரு சொல்: அந்தக் கட்டைப் பார்க்கும் ஆய்வாளருக்கு அது சம்மதமாகத் தோன்றாது.

உட்காரும் உரிமை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கேரளத்தில் ஜவுளிக் கடைப் பெண்கள் பல ஆண்டுகள் போராடி 2018-இல் பெற்ற உரிமையைத் தமிழ்நாடு 2021-இல் கடைச் சட்டத்தில் 22-ஏ பிரிவாகச் சேர்த்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார, எல்லா ஊழியருக்கும் பொருத்தமான இருக்கை ஏற்பாடு இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். 'எல்லா ஊழியருக்கும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். தளத்துக்கு நாலு பிளாஸ்டிக் ஸ்டூலை வாங்கித் தூணுக்குப் பின்னால் அடுக்கிவிட்டு "போட்டாச்சு" என்பது ஏற்பாடு ஆகாது. எங்களைக் கேட்டால், ஸ்டூலைவிட முக்கியமானது மேற்பார்வையாளருக்கு நீங்கள் தரும் உத்தரவு. வாடிக்கையாளர் இல்லாதபோது உட்கார்ந்தவரைக் கேமராவில் பார்த்துவிட்டு மைக்கில் பெயர் சொல்லி எழுப்பும் கடையில் நூறு ஸ்டூல் இருந்தும் பயனில்லை.

இருக்கை எப்படிப்பட்டது என்பதும் பொருட்டு. 90 சென்டிமீட்டர் உயர கவுன்டருக்குப் பின்னால் சாதாரண 45 சென்டிமீட்டர் ஸ்டூலைப் போட்டால் உட்கார்ந்தவரின் முகம்கூடத் தெரியாது, பிறகு யாரும் உட்கார மாட்டார்கள். 60 முதல் 65 சென்டிமீட்டர் உயரம், கால் வைக்க ஒரு குறுக்குக் கம்பி, முடிந்தால் சிறு முதுகுச் சாய்வு வேண்டும். எழுந்தால் கவுன்டருக்கு அடியில் தள்ளிவிடும்படி இருந்தால் வழியை அடைக்காது. பில்லிங்கில் இருப்பவருக்கு நாற்காலி கொடுக்காததற்கு எந்தக் காரணமும் கிடையாது, நாள் முழுக்க ஒரே இடத்தில் செய்யும் வேலை அது. பளிங்குத் தரையில் பத்து மணி நேரம் நிற்பவருக்குக் குதிகால் வலியும் கால் நரம்புச் சுருட்டலும் வருவது மருத்துவர்களுக்குப் புதிதல்ல. இதோடு சேர்ந்ததுதான் கழிப்பறை. மூன்றாம் மாடியில் வேலை, ஊழியர் கழிப்பறை அடித்தளத்தில், லிஃப்டில் ஏறக்கூடாது, போக மேற்பார்வையாளரிடம் டோக்கன் வாங்க வேண்டும் என்று நான்கையும் ஒன்றாக வைத்தால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். பிறகு சிறுநீர்த் தொற்று, பிறகு லீவு, பிறகு லீவுக்குச் சம்பளப் பிடித்தம்.

பிடித்தம் என்று வந்துவிட்டோம். சம்பளப் பட்டியலில் எங்கள் கை கூசுவது இந்தப் பத்தியை நிரப்பும்போதுதான்.

"மூன்று நாள் லேட் வந்தால் ஒரு நாள் சம்பளம் கட்" என்பது ஏறத்தாழ எல்லாக் கடையிலும் உள்ள விதி. மூன்று நாளும் பத்துப் பத்து நிமிடம் தாமதம் என்றால் மொத்தம் அரை மணி. மேலே சொன்ன விற்பனையாளருக்கு அதன் மதிப்பு 37 ரூபாய் 50 காசு. நீங்கள் பிடிப்பது 600. வேலைக்கு வராத நேரத்துக்கு அந்த நேரத்தின் விகிதத்தில் மட்டுமே பிடிக்கலாம். அதற்கு மேல் பிடிப்பது அபராதம். அபராதத்துக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. எந்தெந்தச் செயலுக்கு அபராதம் என்ற பட்டியல் அரசின் ஒப்புதலோடு கடையில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும், விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், அந்த மாத ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, தவணையாகப் பிடிக்கக்கூடாது, விதித்த 90 நாளுக்குப் பிறகு வசூலிக்கக்கூடாது. 15,600-க்கு 3 சதவீதம் 468. அதுவும் உங்கள் கல்லாவுக்குப் போகக்கூடாது, ஊழியர் நலனுக்கே செலவாக வேண்டும். ஒப்புதல் பெற்ற பட்டியல் எந்தக் கடைச் சுவரிலாவது இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

கல்லா குறைவும் சரக்குக் குறைவும் அடுத்தது. ஒருவர் பொறுப்பில் ஒப்படைத்த சரக்கோ பணமோ, அவருடைய கவனக்குறைவால் நேரடியாகக் குறைந்திருந்தால், விளக்கம் கேட்டபின், இழப்பு அளவுக்கு மட்டும் பிடிக்கலாம். ஆண்டு ஸ்டாக் எடுப்பில் 40,000 ரூபாய்ச் சரக்கு காணோம் என்று தளத்தில் உள்ள இருபது பேருக்கும் தலைக்கு 2,000 போடுவது இந்த வரையறைக்குள் எங்கும் வராது. யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்பதற்குக் கையெழுத்து இல்லை, யாருடைய தவறு என்பதற்கு விசாரணை இல்லை. வாடிக்கையாளர் திருடியது, பார்கோடு தவறாக ஒட்டியது, குடோனிலிருந்தே குறைந்து வந்தது எல்லாம் அந்த 40,000-க்குள் இருக்கலாம். அட்வான்ஸ், பி.எஃப். உட்பட எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்ற உச்சவரம்பையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

சம்பளத்தைத் துண்டு போடும் பழக்கமும் இனி உதவாது. 18,000 ரூபாயில் 6,000-ஐ மட்டும் அடிப்படை என்று காட்டி, வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, அந்தப்படி இந்தப்படி என்று 12,000 போடுவார்கள். அடிப்படையைச் சுருக்கினால் பி.எஃப்., பணிக்கொடை எல்லாம் சுருங்கும் என்பதுதான் காரணம். புதிய தொகுப்பின்படி படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கருதப்படும். இந்தக் கணக்கில் 12,000-இல் 9,000 போக மிஞ்சும் 3,000 ஊதியத்தில் சேரும், பி.எஃப். 6,000-க்கு அல்ல, 9,000-க்குக் கட்ட வேண்டும். அதற்கும் முன்னால், குறைந்தபட்ச ஊதியத்தை எட்டுகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். அதில் பஞ்சப்படிப் பகுதி ஒவ்வோர் ஏப்ரல் 1-ஆம் தேதியும் மாறுகிறது. ஏப்ரல் சம்பளத்தில் பழைய எண்ணையே போட்டுவிட்டு வருஷம் முழுக்க அதை இழுத்துக்கொண்டு போவது நாங்கள் அடிக்கடி பார்க்கும் பிழை. பன்னிரண்டு மாத நிலுவை ஒன்றாக வந்து நிற்கும்போது உங்களுக்கு எங்கள்மேல் கோபம் வருகிறது.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டிலும் தலைக்கணக்கில் விளையாடாதீர்கள். இ.எஸ்.ஐ.க்குப் பத்துப் பேர், பி.எஃப்.க்கு இருபது பேர். வாட்ச்மேன், லோடு இறக்குபவர், ஒப்பந்தத்தில் வந்தவர் எல்லாரும் எண்ணிக்கையில் சேர்வார்கள். ஒரே கடையை மூன்று பெயரில் மூன்று ஜி.எஸ்.டி. எண்ணில் பிரித்தாலும், ஒரே முதலாளி, ஒரே கல்லா, ஆள் இங்குமங்கும் மாறி வேலை செய்கிறார் என்றால் ஒரே நிறுவனமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

இ.எஸ்.ஐ.யில் ஊழியர் பங்கு நூற்றுக்கு 75 காசு, உங்கள் பங்கு மூன்றே கால் ரூபாய். 21,000 ரூபாய்வரை சம்பளம் வாங்குபவர் உள்ளே வருவார். நடுவில் சம்பளம் கூட்டி 21,000-ஐத் தாண்டிவிட்டால் உடனே பெயரை எடுத்துவிடுகிறார்கள். அது தவறு. ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்ற அந்த அரையாண்டு முடியும்வரை கட்டியே ஆக வேண்டும். இதைவிடப் பெரிய கேடு, பங்கைக் குறைக்க வேலை நாளைக் குறைத்துக் காட்டுவது. ஓர் அரையாண்டில் குறைந்தது 78 நாளுக்குப் பங்கு கட்டியிருந்தால்தான் நோய்க்கால உதவித்தொகை, அதாவது ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள்வரை கிடைக்கும். மாதம் 26 நாள் வேலை செய்தவருக்கு 12 நாள் என்று காட்டினால் ஆறு மாதத்தில் 72 நாள்தான். ஆறு நாள் குறைவால் அந்தத் தொகை மொத்தமும் போகும். டைஃபாய்டில் படுத்தவர் இதை ஆஸ்பத்திரி கவுன்டரில்தான் தெரிந்துகொள்வார். விபத்து நடந்த மறுநாள் அவசரமாகப் பெயர் சேர்க்கச் சொல்லி எங்களுக்கு ஃபோன் செய்யாதீர்கள். சேர்ந்த தேதிக்கும் விபத்துத் தேதிக்கும் உள்ள இடைவெளியை எங்களால் அழிக்க முடியாது.

பி.எஃப்.பில் ஊழியர் பங்கு ஊதியத்தில் 12 சதவீதம், உங்கள் பங்கும் 12 சதவீதம். உங்கள் 12-ஐயும் ஊழியர் சம்பளத்திலேயே பிடிப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. "மொத்தச் சம்பளத்தில் சேர்த்துத்தான் பேசினோம்" என்பது, பேசிய சம்பளத்தை மறுபடி வெட்ட அனுமதி தராது. ஊழியரிடம் பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பது நம்பிக்கை மோசடிக் குற்றம். வட்டி கட்டி முடிக்கும் விஷயமாக அதை நினைத்துவிட வேண்டாம். வாரிசு நியமனத்தைச் சேர்ந்த மாதமே முடித்துவிடுங்கள். பணியில் இருக்கும்போது ஊழியர் இறந்தால் பி.எஃப். உறுப்பினர் என்பதாலேயே குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய்வரை காப்பீட்டுத் தொகை உண்டு. வாரிசுப் பெயர் இல்லாததால் அந்தக் குடும்பம் சான்றிதழ்களுக்கு மாதக்கணக்கில் அலையும். ஆதாரில் 'கே. முருகன்', பி.எஃப்.பில் 'முருகன் கே' என்ற அளவிலான வேறுபாடுகூட ஒருவரின் பணத்தை நிறுத்திவைக்கும். சேரும் நாளிலேயே ஆதாரைப் பார்த்து எழுத்துக்கு எழுத்துப் பொருத்துங்கள்.

விடுப்பில் சுருக்கமாக முடித்துவிடலாம். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு அடுத்த ஆண்டில் 12 நாள் சம்பளத்துடன் விடுமுறை, 24 நாள்வரை சேர்த்துவைக்கலாம். இது தவிர ஆண்டுக்கு நோய் விடுப்பு 12, தற்செயல் விடுப்பு 12. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு இன்னும் ஐந்து பண்டிகை நாள், ஆக ஒன்பது நாள் சம்பளத்துடன் விடுமுறை. அந்த நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு இன்னொரு நாள் மாற்று விடுமுறை. வாக்குப்பதிவு நாளும் சம்பளத்துடன் விடுமுறைதான். "ஓட்டுப் போட்டுட்டு பதினோரு மணிக்கு வந்துடு" என்பது விடுமுறை அல்ல. போனஸைப் பொறுத்தவரை, இருபது பேர் உள்ள கடையில் ஆண்டில் 30 நாள் வேலை செய்தவருக்கும் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் உண்டு. தீபாவளிக்கு முன்பே போய்விட்டவர் என்பதற்காக அதை மறுக்க முடியாது.

இனி, ஆள் வெளியேறும் கட்டம். புகார்கள் அதிகம் பிறப்பது இங்கேதான் என்பது எங்கள் கணிப்பு. ஏனென்றால் இருவருக்கும் கோபம் இருக்கும், கணக்கை யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமல், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தராமல் நிறுத்தக்கூடாது என்கிறது கடைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு. ஒழுங்கீனம் என்றால் முன்னறிவிப்பு வேண்டாம், ஆனால் விசாரணை நடத்தி, சாட்சியம் பதிவாகி, குற்றம் நிரூபணமாக வேண்டும். விசாரணை என்றால் நீதிமன்றம்போல எதையோ கற்பனை செய்து பயப்படுகிறீர்கள். சிறு கடையில்கூட நடத்தலாம். என்ன நடந்தது, எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தப் பொருள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பதில் சொல்ல ஒரு வாரமாவது தாருங்கள். சம்பவத்தைப் பார்த்தவரோ புகார் கொடுத்தவரோ விசாரிக்கக்கூடாது, வேறொருவர் விசாரிக்கட்டும். கேமரா பதிவை ஆதாரமாகச் சொன்னால் அதை அவருக்கும் போட்டுக் காட்டுங்கள். அவர் தரப்பில் யாராவது சாட்சி சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இருவர் கையெழுத்து. பிறகு முடிவையும் காரணத்தையும் எழுதிக் கொடுங்கள். மொத்தம் ஏழெட்டுத் தாள்தான்.

இதற்குப் பதிலாக நடப்பது என்ன? மேற்பார்வையாளர் அறைக்குள் கூப்பிட்டு, போலீஸ் என்று மிரட்டி, வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி, அதில் ராஜினாமா என்று எழுதிக்கொள்வது. அல்லது வாட்ஸ்அப்பில் "நாளையிலிருந்து வர வேண்டாம்". இரண்டும் மேல்முறையீட்டில் நிற்காது. திருடினார் என்று உண்மையிலேயே நீங்கள் நம்பும் ஆளைக்கூட, இந்த அவசரத்தால் நிலுவைச் சம்பளத்தோடு திரும்ப எடுக்க வேண்டிய நிலை வரலாம்.

தானாக விலகினாலும் நீங்கள் நிறுத்தினாலும் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும். "அடுத்த மாசம் பத்தாம் தேதி சம்பளம் போடும்போது வந்து வாங்கிக்கோ" என்பது முடிந்துபோன காலம். செட்டில்மென்ட் தாளில் வேலை செய்த நாள், ஓ.டி., எடுக்காத விடுப்பு, முன்னறிவிப்புச் சம்பளம், அட்வான்ஸ் கழிவு ஆகியவை தனித்தனி வரியாக இருக்கட்டும். ஒரே தொகையாக "ஃபுல் அண்ட் ஃபைனல்" என்று எழுதி வாங்கிய கையெழுத்து பிறகு உங்களைக் காப்பாற்றாது. அதே நாளில் பி.எஃப். தளத்தில் விலகிய தேதியைப் பதிவு செய்யுங்கள். அதைச் செய்யாததால் அவரால் பணத்தை எடுக்கவும் முடியாது, புதுக் கடைக்கு மாற்றவும் முடியாது. கடைசிப் பங்கு கட்டி இரண்டு மாதம் கழித்து அவரே பதிந்துகொள்ள வழி இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் செல்பேசி எண் ஆதாரோடு இணையாதவருக்கு அதுவும் அடைபட்ட கதவு.

பணிக்கொடையைக் கேட்டால் "அதெல்லாம் கம்பெனியில்" என்று சொல்லும் கடைகள் இன்றும் உள்ளன. பத்துப் பேர் வேலை செய்த எந்தக் கடைக்கும் அது பொருந்தும், பிறகு ஆள் குறைந்தாலும் பொருந்தும். ஐந்து ஆண்டு முடித்தவருக்கு, கடைசி ஊதியத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்கான தொகை. நம் 15,600 ரூபாய்க்காரருக்கு ஆண்டுக்கு 9,000, பத்தாண்டுக்கு 90,000. கடைசி ஆண்டில் ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தால் அது முழு ஆண்டு. 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு என்று எழுத்தில் நியமிக்கப்பட்டவருக்குப் புதிய தொகுப்பில் ஓர் ஆண்டே போதும். நாலே முக்கால் வருஷத்தில் பெயரை நீக்கி, ஒரு வாரம் கழித்துப் புது ஆளாகச் சேர்க்கும் உபாயம் எங்களிடம் பலமுறை கேட்கப்படுகிறது. ஊழியரின் தவறில்லாமல் ஏற்படும் இடைவெளி பணித்தொடர்ச்சியை முறிக்காது. இனி கேட்க வேண்டாம். மாதாமாதம் ஊதியத்தில் 4.81 சதவீதம் ஒதுக்கிவைத்தால், சம்பள உயர்வால் வரும் வித்தியாசம் தவிர மற்றதெல்லாம் தானாகச் சேர்ந்திருக்கும். பதினைந்தை இருபத்தாறால் வகுத்து, பன்னிரண்டால் வகுத்த எண் அது.

பள்ளிச் சான்றிதழையும் ஆதாரையும் அசலாக வாங்கி அலமாரியில் பூட்டிவைத்திருப்பவர்கள் இந்த வாரமே திருப்பிக் கொடுங்கள். நகல் போதும். அசலைப் பிடித்துவைக்கும் அதிகாரத்தை எந்தச் சட்டமும் உங்களுக்குத் தரவில்லை.

பெண்கள் பாதுகாப்பில், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேர் உள்ள கடைக்கு உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். முதலாளியின் மனைவியையும் மைத்துனரையும் போட்டுப் பெயர்ப் பலகை மாட்டினால் அது குழு ஆகாது. புகார் தர மூன்று மாதம், விசாரணை முடிக்க 90 நாள். பத்துக்குக் குறைவான கடைகளிலும், புகாரே முதலாளியின்மேல் என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர் புகார்க் குழுவிடம் போகலாம். சமரசம் என்ற பெயரில் பணம் கொடுத்து முடிப்பதைச் சட்டம் தடுக்கிறது.

சங்க நிர்வாகிகளிடம் கேட்பது மூன்றே. பத்துப் பேருக்குக் குறைவான கடைகளுக்குத் தனியே கணக்காளர் வைக்கக் கட்டுப்படியாகாது. சங்கமே ஒரு பொதுக் கணக்காளரை வைத்து நியமனக் கடிதம், வருகைப் பதிவேடு, சம்பளச் சீட்டு, செட்டில்மென்ட் தாள் என்று நான்கு மாதிரிகளைத் தமிழில் அச்சடித்துக் கொடுக்கலாம். இரண்டாவது, பழைய கடையின் அனுமதிக் கடிதம் இல்லாமல் ஆளை எடுக்கக்கூடாது என்று சில ஊர்களில் இருக்கும் வாய்மொழிக் கட்டுப்பாட்டைக் கைவிடுங்கள். சம்பள பாக்கியை விட்டுக்கொடுத்தால்தான் கடிதம் என்ற பேரத்துக்கு அது வழிசெய்கிறது. மூன்றாவது, ஆடித் தள்ளுபடிக்கு முன் நடக்கும் செயற்குழுவில் விளம்பரச் செலவு, பந்தல், பாதுகாப்பு பற்றிப் பேசும்போது ஷிஃப்ட் பிரிப்பையும் ஒரு பொருளாக வைத்துப் பேசுங்கள். கூடுதல் ஆள் எடுக்க அப்போதுதான் மூன்று வாரமாவது கையில் இருக்கும்.

மாதிரிப் படிவங்களை நாங்களே எழுதித் தருகிறோம். அதற்குக் கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
கடைகளின் சம்பளப் பட்டியல் எழுதுகிறவர்கள்